பசியறிந்த பெற்றோரும் பருத்துவரும் பிள்ளைகளும்

கடந்த மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எமக்கு நெடுநாள் அறிமுகமான ஒரு தாய், நான்காக மடித்த கடிதமொன்றுடன் எமது வீட்டுக்கு வந்தார். ஆங்கிலத்தில் வரும் கடிதங்களை வாசித்துப் பொருள் சொல்வது, இலண்டனுக்கு வந்த நாள் முதலாய் எமக்கு வாய்த்துவிட்ட பணி. உள்துறை அமைச்சின் கடிதம், வைத்தியசாலைத் தவணை, நகரசபை வரி என்று எத்தனையோ கடிதங்கள் எமது சாப்பாட்டு மேசையில் விரிந்திருக்கின்றன. ஆயினும் இக்கடிதத்தை நீட்டியபோது அத்தாயின் கை நடுங்கியதைக் கண்டு, யாருடைய அகதி விண்ணப்பமோ நிராகரிக்கப்பட்டுவிட்டது என்றே முதலில் எண்ணினோம்.

கடிதம் நகரசபையின் சுகாதாரப் பிரிவிலிருந்து வந்திருந்தது. அவருடைய பத்து வயது மகனைப் பாடசாலையில் உயரமும் எடையும் அளந்திருக்கிறார்கள். உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ற அளவிலும் பார்க்க அவனுடைய எடை மிக அதிகம் என்பதே சாரம்.

"என்ரை பிள்ளைக்கு என்ன குறை ரீச்சர்? வடிவா வளர்ந்திருக்கிறான் எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம். ஆரோ கண்ணூறு வைச்சிட்டினம். இதைச் சாட்டா வைச்சுப் பிள்ளையைக் கொண்டு போயிடுவாங்களோ?" என்று கேட்டார்.

இந்த அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. அரசாங்க முத்திரையுடன் வரும் எந்தக் கடிதத்தையும் ஆபத்தாகவே பார்க்கப் பழகிவிட்ட சமூகம் நாம். எனவே முதலில் அதனைத் தெளிவாக்குவோம். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்க உதவி பெறும் ஆரம்பப் பாடசாலைகளில் 4, 5 வயதில் ஒரு தடவையும் 10, 11 வயதில் மற்றொரு தடவையும் பிள்ளைகளை அளந்து வருகிறார்கள். இன்னார் பிள்ளை, அகதியின் பிள்ளை என்ற வேறுபாடு அதில் இல்லை. தனிப்பட்ட பிள்ளையின் முடிவு பெற்றோருக்கே அறிவிக்கப்படுகிறது; வகுப்பில் வாசிக்கப்படுவதில்லை. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை அளக்க வேண்டாமென்று முன்கூட்டியே அறிவித்துவிடலாம். ஆகவே இக்கடிதம் குற்றப்பத்திரிகையன்று. ஆனால் கிழித்தெறிந்துவிட்டு மறந்துவிடத் தக்க கடிதமும் அன்று.

இக்கணக்கெடுப்பு காட்டும் நிலைமை என்ன? 2022-23 கல்வியாண்டில் இங்கிலாந்தின் 4, 5 வயதுப் பிள்ளைகளில் 9.2 வீதமானோர் உடற்பருமன் உடையோராகக் காணப்பட்டனர். 10, 11 வயதினரில் இது 22.7 வீதம். பாடசாலையில் காலடி வைக்கும்போது பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆரம்பப் பாடசாலையை விட்டு நீங்கும்போது ஐந்தில் ஒருவருக்கும் அதிகம். அதாவது, எமது பிள்ளைகள் இங்கு பாடசாலைக்குப் போய்வரும் அந்த ஆறேழு ஆண்டுகளுக்குள்ளேயே இது இரு மடங்குக்கு மேலாகிவிடுகிறது.

இதனைச் செல்வச் செழிப்பின் விளைவு என்று கருதுவோர் எம்மிடையே பலர். ஊரில் பருத்த உடம்பு என்றால் முதலாளிமாரின் உடம்பு அல்லவா? இந்நாட்டில் கதை தலைகீழ். அதே ஆண்டில், மிக வறிய பகுதிகளில் வாழும் 10, 11 வயதினரில் 30.2 வீதமானோர் உடற்பருமன் உடையோர். மிக வசதியான பகுதிகளில் 13.1 வீதமானோர் மாத்திரமே. மலிவான உணவு, நெருக்கமான வீடு, நேரமில்லாத பெற்றோர், விளையாட முற்றமில்லாத வாழ்க்கை ஆகியவை வறுமையின் முகங்கள். அகதிகளாகிய எமக்கு இவற்றை விளக்க வேண்டியதில்லை.

எனினும் வறுமையுடன் மாத்திரம் இதனை முடித்துவிட எம்மால் இயலவில்லை. எமது வீடுகளில் இன்னொன்றும் இருக்கிறது.

கடிதத்துடன் வந்த அத்தாய் வன்னியிலே பிறந்தவர். 2009ஆம் ஆண்டு வைகாசியில், உப்புக்கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்களுள் ஒருவர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை. ஒன்றை மாத்திரம் ஒரு தடவை எம்மிடம் சொல்லியிருக்கிறார்: தமக்கொரு பிள்ளை பிறந்தால் அதன் வாயிலிருந்து 'பசிக்குது' என்ற சொல் வரவே விடக்கூடாது என்று அன்றைக்கே நினைத்தாராம். அந்த நினைப்பை அவர் நிறைவேற்றிவிட்டார். பிள்ளை கேட்கும் முன்னரே சாப்பாடு வந்துவிடுகிறது. போதும் என்று பிள்ளை தலையைத் திருப்பிய பின்னரும் இன்னும் இரண்டு வாய் போகிறது.

இவரைக் குறைகூற எமக்கு மனம் வருவதில்லை. 1990களின் பிற்பகுதியில், இடம்பெயர்ந்த பிள்ளைகள் கற்ற ஒரு பாடசாலையில் நாம் கற்பித்தோம். காலைப் பிரார்த்தனை முடிவதற்குள் இரண்டொரு பிள்ளைகள் மயங்கி விழுவது அங்கு வழமை. காரணம் கேட்க வேண்டியதில்லை. தேநீருக்குச் சீனியின்றிப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்த காலமது. அக்காலத்தைக் கடந்துவந்த எவருக்கும் கன்னம் உப்பிய பிள்ளையைக் காண்பது ஓர் ஆறுதலே. பிள்ளையின் உடம்பு, நாம் தப்பிவிட்டோம் என்பதற்கான அத்தாட்சியாகிவிடுகிறது. ஊருக்கு அனுப்பும் புகைப்படத்தில் பிள்ளை மெலிந்திருந்தால் அம்மம்மா அழுவார் அல்லவா?

ஆனால் பசியைக் கண்ட உடம்புக்கும் பருத்த உடம்புக்கும் இடையே நாம் எண்ணாத ஓர் உறவு உண்டென்று மருத்துவ உலகம் கூறுகிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஜேர்மனியப் படைகள் உணவு செல்லும் வழிகளை அடைத்தமையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வீழ்ந்தது. ஒருவருக்குரிய நாளாந்தப் பங்கீடு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. அப்போது வயிற்றிலிருந்த குழந்தைகள் வளர்ந்து 19 வயதில் கட்டாய இராணுவ சேவைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு வந்தனர். கர்ப்பத்தின் முற்பாதியில் தாய் பட்டினி கிடந்தவர்களிடையே உடற்பருமன் கூடுதலாக இருந்ததை 1976இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பஞ்ச காலத்துக்கென ஆயத்தமான உடம்பு, பஞ்சம் நீங்கிய பின்னரும் சேமிப்பதை நிறுத்துவதில்லை என்று இதற்கு விளக்கம் கூறுவர்.

எமது அயல்நாடான இந்தியாவில் பூனே நகரைச் சேர்ந்த வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் செய்த ஆய்வுகள் இன்னும் நெருக்கமானவை. அப்பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகரக் குழந்தைகளின் எடை ஏறத்தாழ 3.5 கிலோகிராம். இந்தியக் குழந்தைகள் தசையில் மெலிந்திருந்தன. ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு.

இவரும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஜோன் யுட்கின் என்ற வைத்தியரும் 2004இல் தங்கள் புகைப்படத்தையே ஒரு மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது வெள்ளையரான யுட்கினுக்கு 9.1 வீதமும் இந்தியரான யாஜ்னிக்குக்கு 21.2 வீதமும் இருந்தன. தராசு இருவரையும் சமமென்றது; உடம்பு அப்படிச் சொல்லவில்லை. தென்னாசிய மக்களுக்கு வெள்ளையரிலும் குறைந்த எடையிலேயே நீரிழிவு ஆபத்துத் தொடங்குகிறது என்பதை இந்நாட்டு மருத்துவ வழிகாட்டல்களும் இப்போது ஏற்றுக்கொண்டுள்ளன. வயதுவந்தோருக்குப் பொதுவாக 25 என்றிருக்கும் எச்சரிக்கை எல்லை எம்மவர்க்கு 23.

ஆதலால், "வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பாருங்கோ, அதுகளோடை பார்க்க என்ரை பிள்ளை ஒண்டுமில்லை" என்று ஆறுதல் கொள்ளுவது எமக்குப் பொருந்தாது. அப்பிள்ளைகளுக்கு வராத ஆபத்து அதே எடையில் எமது பிள்ளைகளுக்கு வரலாம்.

இனி, அச்சிறுவனின் ஒரு நாளைப் பார்ப்போம். தாயிடம் கேட்டு நாமே ஒரு தாளில் எழுதினோம். எழுதி முடித்தபோது இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

காலையில் சீனி பூசிய தானியத்துடன் பால். பாடசாலையில் மதிய உணவு. இலண்டன் ஆரம்பப் பாடசாலைகளில் 2023 செப்டெம்பர் முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது இலவசம். ஆனால் 'இங்கிலீஷ் சாப்பாடு' சாப்பாடல்ல என்பது எமது தாய்மாரின் உறுதியான எண்ணம். எனவே நான்கு மணிக்குப் பிள்ளை வந்தவுடன் சோறும் கறியும். ஐந்து மணிக்குத் தனியார் வகுப்பு. போகும் வழியில் ஒரு பைக்கற் உருளைக்கிழங்குப் பொரியலும் ஒரு சோடாவும். வந்தபின் மோல்ட் கலந்த பால், இரண்டு கரண்டி சீனியுடன். தகப்பன் பெற்றோல் நிலையத்தில் வேலை முடித்து இரவு பத்தரைக்கு வருவார். அதுவரை பிள்ளை நித்திரை கொள்ளாமல் காத்திருந்து, அப்பாவோடு அமர்ந்து பிட்டோ கொத்துரொட்டியோ சாப்பிடுவான். தகப்பன் மகனைக் காணும் நேரம் அதுவொன்றுதான்.

ஆக, ஒரு நாளில் மூன்று முழுச் சாப்பாடுகள் நண்பகலுக்குப் பின்னர் மாத்திரம். அவற்றில் எதுவும் கெட்ட எண்ணத்தில் கொடுக்கப்பட்டதன்று.

கடைகளில் வேலைசெய்யும் குடும்பங்களின் நிலை இதிலும் சிக்கலானது. பாடசாலை விட்டதும் பிள்ளை கடைக்கே வருகிறது. காசு மேசைக்குப் பின்னாலுள்ள கதிரையில் அமர்ந்து வீட்டுப்பாடம் செய்கிறது. கைக்கெட்டிய தூரத்தில் இனிப்பு வகைகள். அழுதால் ஒன்று, அழாதிருந்தால் பரிசாக இன்னொன்று. அண்மையில் வந்து தங்குவிடுதிகளில் வைக்கப்பட்டிருக்கும் குடும்பங்களுக்கோ அடுப்பே இல்லை. பைக்கற்றுகளைத் தவிர அவர்கள் எதைக் கொடுப்பார்கள்?

சோடாவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 7 முதல் 10 வயதுவரையுள்ள பிள்ளை ஒரு நாளில் உணவில் சேர்க்கப்படும் சீனியாக 24 கிராமுக்கு மேல் உட்கொள்ளலாகாது என்பது இங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை. 330 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு கொக்கா கோலாத் தகரத்தில் 35 கிராம் சீனி உண்டு. ஒரேயொரு தகரத்துடன் அன்றைய பங்கு முடிந்து மறுநாட் பங்கிலும் கைவைத்தாயிற்று. 2018 சித்திரையில் சீனி கூடிய பானங்களுக்கு வரி விதிக்கப்பட்டதும் பல கம்பனிகள் சீனியைக் குறைத்துக்கொண்டன. எமது சாமத்தியவீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் மேசைக்கு இரண்டு பெரிய போத்தல் வைக்கும் வழக்கம் மாத்திரம் குறையவில்லை. பழச்சாறு நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதுவும் நாளுக்கு 150 மில்லிலீற்றருக்கு மேற்படாமல் இருக்கவேண்டும். பழத்தைக் கடித்துத் தின்பதற்கு அது ஈடாகாது.

தீத்துதல் என்ற எமது வழக்கத்தையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. ஊரில் நிலவைக் காட்டித் தீத்தினோம். இங்கே கைத்தொலைபேசியைக் காட்டித் தீத்துகிறோம். நிலவைப் பார்த்த பிள்ளை இரண்டு வயதில் தானே சாப்பிடத் தொடங்கிவிட்டது. கைத்தொலைபேசியைப் பார்க்கும் பிள்ளைக்கு ஏழு வயதிலும் தாய் தீத்துகிறார். கண் திரையில் இருக்க வாய் மாத்திரம் திறந்து மூடுகிறது. வயிறு நிறைந்தது என்று உடம்பு சொல்லும் சேதியைப் பிள்ளை கேட்கவே பழகுவதில்லை.

ஓட்டமும் இல்லை. கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் விளையாடி, பாடசாலைக்கு இரண்டு மைல் நடந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். தொடர்மாடி வீட்டுக்குள் பிள்ளை நாலடி ஓடினால், "ஓடாதை, கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுவினம்" என்கிறோம். வெளியே குளிர், பூங்காவில் யார் நிற்பார்களோ என்ற பயம், பெண்பிள்ளையென்றால் இன்னும் பயம். நாளுக்குச் சராசரி 60 நிமிடம் பிள்ளையின் உடம்பு நன்கு அசையவேண்டும் என்கிறார்கள். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, ஞாயிறு கணித வகுப்பு, பின்னேரங்களில் பதினோராம் வயதுப் பரீட்சைக்கான பயிற்சி என்று ஓடும் வாழ்க்கையில் ஓடாதிருப்பது பிள்ளை ஒன்றுதான். ஆசிரியத் தொழில் செய்த நாம் படிப்பைக் குறைகூறலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கூறலாம்.

இதனால் விளைவதென்ன? வளர வளர மெலிந்துவிடும் என்ற நம்பிக்கை எம்மவரிடம் பலமாக உண்டு. பெரும்பாலும் அவ்வாறு நடப்பதில்லை. பருத்த பிள்ளை பருத்த வாலிபனாவதே அதிகம். முன்னர் நாற்பது, ஐம்பது வயதில் வந்த இரண்டாம் வகை நீரிழிவு இப்போது பிள்ளைகளையும் தொடுகிறது. இந்நாட்டில் அது பற்றிய ஆரம்ப அறிக்கையொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. அதிலே கூறப்பட்ட எட்டுப் பேரும் 9 முதல் 16 வயது வரையான சிறுமியர். பாகிஸ்தானிய, இந்திய, அரபு வம்சத்தினர். எல்லோரும் எடை மிகுந்தோர். ஈரலில் கொழுப்புப் படிதல், இடுப்பு முழங்கால் நோவு, பெண்பிள்ளைகள் காலத்துக்கு முந்திப் பருவமடைதல், பின்னர் மாதவிலக்குக் குழம்புதல் ஆகியவையும் உடற்பருமனுடன் வருகின்றன. இரவில் குறட்டையும் மூச்சுத்தடையும் இருக்கும் பிள்ளை, பகலில் வகுப்பில் தூங்கி விழுகிறது. இத்தகைய பிள்ளைகளைச் சோம்பேறி என்று நாமும் ஒரு காலத்தில் ஏசியிருக்கிறோம்.

ஓர் அடையாளத்தைத் தாய்மார் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பிடரியிலும் கமக்கட்டிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெற் துணிபோல் மாறியிருந்தால் அது அழுக்கன்று. உடம்பில் இன்சுலின் தன் வேலையைச் சரிவரச் செய்ய இயலாது திணறுகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். கடிதம் கொண்டுவந்த தாய் இதைக் கேட்டதும் அழுதுவிட்டார். சனிக்கிழமை தோறும் பயற்றமா பூசி, அழுக்குப் போகவில்லையென்று மகனின் பிடரியைச் சிவக்கச் சிவக்க உரஞ்சிக் கழுவி வந்தாராம். இத்தகைய கறுப்பைக் கண்டால் குடும்ப வைத்தியரிடம் காட்டி, இரத்தத்தில் சீனியின் அளவைப் பரிசோதிக்கும்படி கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை உண்டு. அவ்வேலையைப் பிள்ளையிடமே கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. ஒரு நூலைப் பிள்ளையின் உயரத்துக்கு அளந்து வெட்டி, அதனை இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் பிள்ளையின் இடையைச் சுற்றி எட்டவேண்டும். 140 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு இடை 70 சென்ரிமீற்றருக்குக் கீழே இருக்கவேண்டும். கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்கவேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பெரியோருக்கும் பொதுவான அளவு இது. எமது வீட்டில் இதைச் செய்து பார்த்ததில் நூல் எட்டாமற் போனது எமக்குத்தான்.

அப்படியாயின் பிள்ளையைப் பட்டினி போடுவதா? ஒருபோதும் இல்லை. வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைக்கவேண்டிய தேவையே இல்லை. எடை கூடாமல் நிற்க, உயரம் வளர்ந்து அதனை எட்டிப்பிடித்தால் போதும். தனியே ஒரு பிள்ளைக்கு மட்டும் 'பத்தியச் சாப்பாடு' கொடுத்து, மற்றவர்கள் றோல்ஸ் தின்பது கொடுமை. அப்பிள்ளை களவாகத் தின்னப் பழகும். மாற்றம் வீடு முழுவதற்கும் வரவேண்டும். சோற்றைக் குறைத்து வறையையும் கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். குரக்கன், சிவப்பரிசி, ஆட்டா மா நல்லவைதாம். ஆனால் சிவப்பரிசிப் பிட்டானாலும் மூன்று குழல் மூன்று குழல்தான். வீட்டில் குடிப்பதற்குத் தண்ணீரும் சீனியில்லாத பாலும் போதும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். நித்திரை குறைந்தால் பசி கூடும்.

இன்னுமொன்று. கூட்டங்களிலும் கோயில்களிலும் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "என்னடா குண்டா" என்று அழைக்கும் மாமாமார், மாமிமார் தயவுசெய்து அதை நிறுத்தவேண்டும். பிள்ளை சிரிப்பதைக் கண்டு அதற்கு நோகவில்லை என்று எண்ணாதீர்கள்.

அத்தாயின் வீட்டில் மிகக் கடினமாக இருந்தது இரவுச் சாப்பாடுதான். உணவை நிறுத்தச் சொல்வது, தகப்பனையும் மகனையும் பிரிப்பதற்கு ஒப்பாக இருந்தது. "நான் அவனை வேறை எப்ப பார்க்கிறது?" என்று தகப்பன் எம்மிடமே கேட்டார். அவருக்கு உடனே சொல்ல எம்மிடம் விடையில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே ஒரு வழி கண்டார். இரவு வேலை முடித்து எவ்வளவு நேரம் சென்று படுத்தாலும், காலை ஏழரைக்கு எழுந்து மகனுடன் சாப்பிட்டு, பேருந்தை விட்டுவிட்டு இருபத்தைந்து நிமிடம் நடந்து அவனைப் பாடசாலையில் விடுகிறார். திரும்பி வந்து மீண்டும் படுக்கிறார். மழை நாட்களில் இன்னும் பேருந்துதான். நான்கு மணிச் சோற்றைத் தாயால் முற்றாக நிறுத்த முடியவில்லை, அரைவாசியாக்கியிருக்கிறார். பையனின் இரத்தப் பரிசோதனையில் நீரிழிவு இல்லை. ஆனால் கவனிக்கவேண்டிய அளவென்று சொல்லி, ஆறு மாதத்தில் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவனுடைய தங்கை அடுத்த ஆண்டு பாடசாலைக்குப் போகிறாள். அவளை அளக்க வேண்டாமென்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா என்று தாய் கேட்டார். அளக்கட்டும், கடிதம் வந்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.